மேடையில் விழுந்த அடி

எழுபதுகளின் நடுவில் நானும் என் கணவரும் ஈப்போ நகரத்திலிருந்து தோட்டம் தோட்டமாகப் போய் நாடகம் போட்டுக்கொண்டிருந்தோம். குழுவில் ஆறு பேர். அவர் ராஜா, நான் ராணி. சந்தேகப்பட்டு ராஜா ராணியை அடித்துத் துரத்தும் கதை. எங்கே போனாலும் அந்தக் கட்டத்துக்குத்தான் கைதட்டல் அதிகம். காரணம் எனக்குத் தெரியும். அவர் நிஜமாகவே அடித்தார்.

வீட்டில் கை வைத்தால் அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். மேடையில் யார் கேட்பது?

மலையில் பிரிஞ்சாங் ஊருக்கும் மேலே ஒரு தேயிலைத் தோட்டம். இராத்திரிக் குளிர் தாங்காது என்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலேயே நாடகம் வைத்தார்கள். அன்று லோரியில் வரும்போது ஆர்மோனியக்காரரிடம் ஏதோ பேசிச் சிரித்திருந்தேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டார்.

மேடையில் முதல் அறையிலேயே என் தலை சுற்றியது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. விழுந்தவளை விலாவில் உதைத்தார். கூட்டம் விசிலடித்தது. முன்வரிசையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நல்ல உயரமான ஒருத்தி எழுந்து கத்தினாள்.

"ஏய், இது நடிப்பு இல்லலா! நெசமாவே அடிக்கிறான்!"

யாரும் அசையவில்லை. அவளே மேடையில் ஏறினாள். சிம்மாசனமாகப் போட்டிருந்த முக்காலியைத் தூக்கி ராஜாவின் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அடி வாயில் விழுந்தது. கிரீடம் உருண்டு கூட்டத்துக்குள் போனது.

தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, நெசமா அடிச்சாரா?"

கணவர் வாயெல்லாம் இரத்தமாக என்னைப் பார்த்தார். பழகிப்போன பயம் எனக்கு.

"இல்லீங்கய்யா. நடிப்புதான்."

அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் புருஷன் மேடையேறி அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான்.

"வந்தவங்க முன்னால மானத்த வாங்கிட்டியேடி!"

கன்னத்தில் ஒன்று, காதில் ஒன்று, மறுபடியும் அதே காதில். அவள் கையைத் தூக்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று கிராணியும் ஒதுங்கி நின்றார்.

என்னால் அதற்குமேல் கிடக்க முடியவில்லை. எழுந்து, கீழே கிடந்த முக்காலியை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் போய் நின்றேன்.

"நெசம்தான்! தெனமும் நெசம்தான்! அவள விடு!"

முந்தானையால் கன்னத்து அரிதாரத்தைத் துடைத்தேன். அதற்கு அடியில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. விசிலடித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் கொண்டையை விட்டான்.

கொஞ்ச நேரத்தில் என் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரியில் ஏற்றினார்கள்.

"ஏறுடி" என்றார். நான் ஏறவில்லை. இறங்கி வந்து இடது கையால் என் முடியைப் பிடிக்கப் பார்த்தார். முக்காலியை ஓங்கினேன். அடித்தே விடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பிப் போய் ஏறிக்கொண்டார்.

நான் அந்த மலையிலேயே தங்கிவிட்டேன். பக்கத்து ஊரான திரிங்காப்பில் முட்டைக்கோஸ் அடுக்கும் கொட்டகையில் எனக்கு வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் பிரிஞ்சாங் சந்தையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினாள். இடது காது அன்றோடு போயிருந்தது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றாள். அதில் கோபம்கூட இல்லை. கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.