இருபத்தொரு வீட்டு நேரம்

அந்தச் சரக்குக் கப்பலில் மொத்தம் இருபத்திரண்டு பேர். நான்கு நாடு, நான்கு மொழி. சமையல்காரரின் மொழி பேச வேறு ஆள் கிடையாது. முன்பு ஒருவன் இருந்தான். அவரை வாய் நிறைய "மாமா" என்று கூப்பிடுவான். ஒப்பந்தம் முடிந்து இறங்கியவன் அந்தப் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனான். எந்திரம் பழுதுபார்க்கும் ஃபிட்டர் "மாமா" என்றார், எந்திரத்துக்கு எண்ணெய் போடும் ஆயில்மேன் "மாமா" என்றான், பத்து வயது மூத்த கேப்டனும் மாமா என்றார். பெண் கொடுக்காமலே இருபத்தொரு மருமகன்கள்.

மருமகன்களுக்குள் ஒற்றுமை என்றால் அப்படி ஒரு ஒற்றுமை. சாப்பாட்டு அறையில் இரண்டு மேஜை. இந்த மேஜைக்காரன் உப்பு கேட்டால் அந்த மேஜைக்காரனுக்குக் காது கேட்காது. எல்லாவற்றுக்கும் மூலகாரணம் கப்பலின் ஒரே சாட்டிலைட் போன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஒரு ஞாயிறு ஆயில்மேன் பேசிக்கொண்டே இருக்க, ஃபிட்டர் ரிசீவரைப் பிடுங்க, கைகலப்பாகிவிட்டது.

கேப்டன் மாமாவைக் கூப்பிட்டார். "போன் முறையை இனிமே நீங்க பாத்துக்குங்க. உங்க கரண்டி ஆள் பாத்துப் பரிமாறாதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

மாமா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகக் கதவைத் தட்டினார். உங்கள் வீட்டில் யார் யார், எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள், எப்போது பேசினால் கைவேலை இல்லாமல் இருப்பார்கள்? இந்த ஆளுக்கு எதற்கு ஊர் வம்பு என்று முதலில் பார்த்தார்கள். திறந்த வாயைப் பிறகு யாரும் மூடவில்லை. ஆயில்மேனின் அம்மா மாத்திரை போட்டதும் தூங்கிவிடுவார். அதற்குள் பேச வேண்டும். ஃபிட்டரின் இரட்டைப் பெண்கள் நீச்சல் வகுப்பு முடிந்து வந்திருக்க வேண்டும். கேப்டனின் அக்காவுக்குக் காது மந்தம். அவரோடு கேப்டன் பேசும்போது பக்கத்து அறையில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. உடைந்த ஆங்கிலத்திலும் கை ஜாடையிலும் சொன்னதையெல்லாம் கப்பல் நேரத்துக்கு மாற்றி, இருபத்தொரு வரிகளாக எழுதிச் சுவரில் ஒட்டினார்.

ஆயில்மேனையும் ஃபிட்டரையும் வேண்டுமென்றே அடுத்தடுத்துப் போட்டார். ஒருவன் பேசி முடித்து மற்றவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். சில வாரம் முறைத்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு ஆயில்மேன் கண்கலங்கி வெளியே வந்தான். ஃபிட்டருக்கு அவன் பேசியதில் ஒரு சொல்லும் புரியவில்லை. அம்மாவுக்கு முடியவில்லை என்பது மட்டும் புரிந்தது. "போய் இன்னும் கொஞ்சம் பேசு. என் நேரத்தை எடுத்துக்க" என்று திருப்பி அனுப்பினார். அதன் பிறகு நேரம் கைமாறத் தொடங்கியது. உப்பும் மேஜை மாறியது.

மாமாவின் வரி மட்டும் சுவரில் இல்லை. யாராவது சீக்கிரம் முடித்தால் அந்த மிச்சத்தில் வீட்டுக்குப் பேசுவார். அதையும் பாதியில் யாருக்காவது விட்டுக்கொடுப்பார். "இன்னிக்கும் அஞ்சு நிமிஷந்தானா?" என்பாள் மனைவி. "அவனுக்கு அவசரம்மா" என்பார். அவள் புரிந்துகொள்வாள் என்று திடமாக நம்பினார். கணவன்மார்களுக்கு இந்த நம்பிக்கை வெகு சுலபமாக வந்துவிடுகிறது.

கப்பலேறிய பதினோராவது மாதத்தில் அவள் சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கிழமை சரியா ஒரு மணிக்குப் பேசுங்க. முழுசா பதினஞ்சு நிமிஷம் வேணும். யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க."

"என்ன விஷயம்?"

"அப்போ சொல்றேன்."

அந்த வாரம் முழுக்க மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடம்புக்கு ஏதாவதா? மகளுக்கு ஏதாவதா? இப்படி ஒரு மனிதனோடு இருந்தது போதும் என்கிறாளா? வெங்காயம் நறுக்கும்போதுகூட அவள் குரல் காதில் இருந்தது. அவளைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. வீட்டில் மதியம் ஒரு மணி என்றால் கப்பலில் காலை ஒன்பது. ஒன்பது, ஒன்பது என்று மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை கேப்டன் அறிவித்தார்: மேற்கே போவதால் கப்பல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறோம். மாமா உட்கார்ந்து இருபத்தொரு வரிகளையும் ஒன்று விடாமல் திருத்தினார். எழுதாத வரியைத் திருத்த மறந்தார்.

ஞாயிறு ஒன்பது மணிக்குப் போன் போட்டார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது: அங்கே இப்போது இரண்டு. மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதார். கேட்டதே கால்மணி நேரம். அதையும் கொடுக்க முடியவில்லையே என்று குமுறினார்.

மதியச் சாப்பாட்டில் எதிலும் உப்பில்லை. இரண்டு மேஜையும் பேசாமல் சாப்பிட்டது. பிறகு ஃபிட்டர் வந்து என்னவென்று கேட்டார். மாமா சொன்னார்.

திங்கள் காலை ஃபிட்டரும் ஆயில்மேனும் சமையலறை வாசலில் நின்றார்கள். "அடுத்த வாரம் எங்க எல்லாருக்கும் பதினாலு நிமிஷந்தான். கேப்டன் ஒத்துக்கிட்டார். மிச்ச இருபத்தொரு நிமிஷம் உங்களுக்கு, இன்னிக்கே" என்றார் ஃபிட்டர். ஆயில்மேன் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான். "முட்டையை நான் கருக்கறேன். நீங்க போங்க மாமா."

எட்டு மணிக்கு, அங்கே ஒரு மணிக்கு, அவள் எடுத்தாள். மாமா கடிகாரம் பின்னால் போனதைப் பற்றி இரண்டு நிமிடம் விளக்கினார். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, கப்பல்ல இருக்கிறவங்க வீட்ல எல்லாம் யார் எப்போ எந்திரிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஒவ்வொண்ணா எங்கிட்டயே சொல்லியிருக்கீங்க. நான் எப்போ எந்திரிக்கிறேன்னு தெரியுமா?"

"ஆறு மணிக்கு."

"அது முன்னாடி. ரெண்டு மாசமா ஆஸ்பத்திரி லாண்டரியில என்னைக் காலை ஷிப்டுக்கு மாத்திட்டாங்க. ஞாயித்துக்கிழமையும் வேலை. ஒரு மணிக்கு அரை மணி நேரம் இடைவேளை. அதான் ஒரு மணின்னேன்."

"இதைச் சொல்லத்தானா?"

"இதைச் சொல்ல இல்ல. நீங்க கேப்பீங்களான்னு பாக்க."

இருபத்தொரு கதவைத் தட்டிக் கேட்டவர், தன் வீட்டுக் கதவைத் தட்டவே இல்லை.

"தெரியாதும்மா" என்றார். "இப்போ கேக்கறேன். எப்போ எந்திரிக்கிறே?"

அவள் "நாலரைக்கு" என்று தொடங்கினாள். முகம் கழுவுவது, அடுப்பைப் பற்ற வைப்பது, மகளுக்குத் தூக்கத்திலேயே தலை பின்னிவிடுவது, அவளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விடுவது, இருட்டில் தனியாகத் தெருமுனை வரைக்கும் நடப்பது. ஒவ்வொன்றுக்கும் மாமா அடுத்த கேள்வி கேட்டார். யார் பின்னக் கற்றுக்கொடுத்தது, தெருவில் விளக்கு எரிகிறதா, பயமாக இல்லையா. அவள் குரல் இளகிக்கொண்டே வந்தது.

"அஞ்சே காலுக்குப் பஸ் வரும். ஜன்னலோரம் எனக்குன்னு ஒரு சீட் இருக்கு. அதுல உக்காந்ததும் தினமும் என்ன நினைப்பேன் தெரியுமா…"

இருபத்தொரு நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது. மாமா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.