குடைச்சீலைக் கையுறை

வெள்ளை முதலில் என் வலது கைச் சுட்டுவிரல் நுனியில்தான் வந்தது. அரிசிமா ஒட்டியிருக்கிறது என்று நினைத்துச் சீலைத் தலைப்பில் துடைத்தேன். போகவில்லை. சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன், அதற்கும் போகவில்லை. மாதங்கள் போகப் போக இரண்டு கையின் மற்ற விரல்களுக்கும் பரவி, புறங்கையில் ஏறி, மணிக்கட்டில் ஒரு வெற்றிலை அளவுக்குப் படர்ந்துவிட்டது. முகத்தில் வந்திருந்தால்கூட இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். நான் மருத்துவிச்சி. என் முகத்தை யார் பார்க்கிறார்கள், கையைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள்.

அது ஐம்பதுகளின் கடைசி. செட்டிகுளத்துப் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆசுபத்திரி. டொக்டர் கிடையாது, அப்போதிக்கரி ஒருவர்தான். முழு டொக்டர் படிப்புப் படிக்காமலே அந்த நாளில் சிற்றூர் ஆசுபத்திரிகளைக் கட்டி ஆண்டவர்கள் அப்போதிக்கரிமார். எங்கள் அப்போதிக்கரி ஐயா நெட்டையாக, வழுக்கைத் தலையோடு இருப்பார். வெயிலானாலும் மழையானாலும் கக்கத்தில் ஒரு பெரிய கறுப்புக் குடை. எதையும் கிண்டிக் கிளறிப் பார்க்காமல் விடமாட்டார்.

ஊருக்கு என் கை ‘குட்டம்’, தொழுநோய், என்று பட்டது. ஒரு வீட்டில் பிள்ளைப்பெறுவுக்கு நாள் பார்க்கப் போனபோது, என்னை முற்றத்திலேயே நிறுத்தி, தேத்தண்ணியைத் தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். அதே வீட்டில் முன்பு மூன்று பிள்ளைகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சிரட்டையைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் திட்டினேன். ஆசுபத்திரிக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது.

பிறகு வீடுகள் கூப்பிடுவது ஒவ்வொன்றாக நின்றது. வவுனியாவிலிருந்து மேற்பார்வைக்கு வந்த நேர்ஸ் அம்மா ஒளிக்காமலே சொன்னார்: “சனம் கூப்பிடாத மருத்துவிச்சியை வைச்சு நான் என்ன செய்யிறது? மாரி முடியுமட்டும் பாப்பம். சரிவராட்டி உம்மைப் பெரியாசுபத்திரியில சீலை மடிக்கிற வேலைக்கு மாத்தத்தான் வேணும்.” சீலை மடிப்பதற்கா நான் இத்தனை பாடுபட்டுப் படித்தேன்?

அப்போதிக்கரி ஐயாவிடம் கையைக் காட்டினேன். அவர் கொழும்பில் தோல் வருத்தக்காரரைப் பார்க்கிற பகுதியில் சில காலம் வேலை செய்தவர். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மருந்துக்குக் காத்திருந்த சனம் அத்தனைக்கும் முன்னால் என்னைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, வெள்ளையில் ஊசியால் ஒரு குத்துக் குத்தினார். நான் “ஐயோ!” என்று கத்தினேன்.

“கேட்டியளோ?” என்றார் சனத்தைப் பார்த்து. “குட்டமெண்டால் இந்த இடம் மரத்துக் கிடக்கும். குத்தினாலும் தெரியாது. இது வெறும் நிறம் போனது. ஒருத்தருக்கும் தொத்தாது.”

நல்ல விளக்கம்தான். ஆனால் அன்று பின்னேரமே ஊரில் உலாவிய கதை வேறு: ‘மருத்துவிச்சிக்கு ஊசி குத்திக் குட்டம் இறக்கினம், அவ கத்தின கத்து றோட்டுக்குக் கேட்டது.’ உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது சும்மா சொன்ன சொல்லா?

ஐயா விடவில்லை. தபாலில் வரும் மருத்துவச் சஞ்சிகைகளைப் புரட்டினார். கார்போகரிசி எண்ணெயைப் பூசி வெயில் காட்டினால் நிறம் திரும்பலாம் என்று கண்டுபிடித்தார். கார்போகரிசி ஒன்றும் புதுச் சரக்கு இல்லை, நாட்டு மருந்துதான். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியிடமே கிடைத்தது. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. வெயில் வெள்ளையில் மட்டும் பட வேண்டும். சுற்றியுள்ள நல்ல தோலிலும் பட்டால் அது இன்னும் கறுத்து, வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அவருடைய குடையில் கம்பி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அந்தக் கறுப்புச் சீலையை இரட்டையாக மடித்து, முழங்கை வரை வரும் இரண்டு கையுறைகளைத் தானே கையால் தைத்திருந்தார். தையல் பார்க்கச் சகிக்காது. ஆனால் என் வெள்ளைகளை மெல்லிய தாளில் அச்செடுத்து, அதே வடிவத்தில் சீலையில் ஓட்டைகள் வெட்டியிருந்தார். அதைப் போட்டபோது ஒரு ஓட்டைகூடத் தவறவில்லை.

“மழை வந்தால் என்ன செய்வியள் ஐயா?” என்று கேட்டேன்.

“நனைவன்,” என்றார்.

இப்போது பெரிய ஆசுபத்திரிகளில் லேசர் என்று ஒரு மெஷின் வைத்து, வெள்ளைப் புள்ளியில் மட்டும் வெளிச்சம் பாய்ச்சுகிறார்களாம். எனக்கு அது புதினமே இல்லை. எங்கள் ஐயா அதைக் குடைச்சீலையில் ஓட்டை போட்டுச் செய்தார்.

ஆசுபத்திரிக் கிணற்றடியில் உட்கார ஒரு வாங்கு. எண்ணெய் பூசி, கையுறையை மாட்டி, கொஞ்ச நேரம் வெயிலில் கையை நீட்டிக்கொண்டு இருப்பேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாசகம் கேட்பதுபோல இருந்திருக்கும். நேரம் முடிந்ததும் ஐயா சன்னலால் கூப்பிடுவார், நான் எழுந்து கையைக் கழுவி நிழலுக்குள் போய்விட வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் அந்த எண்ணெயின் மணம்! சவுக்காரத்துக்கு அது அசையாது.

அந்த நாட்களில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரே வீடு சந்தி முதலாளியின் வீடு. அவருடைய மனைவி இரண்டாவது பிள்ளைக்கு இருந்தாள். முதல் பிள்ளை கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்து வந்தது. அதை எடுத்து மூச்சு வர வைத்தது நான். அதனால் முதலாளி உள்ளுக்குள் பயந்தாலும் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வீட்டையும் இந்த நாற்றத்தால் இழக்கவா? ஒருநாள் வெயில் காட்டி முடித்து, அவளைப் பார்க்கப் புறப்படும்போது, எங்கள் பெண்கள் மீன் வெடுக்குக்குச் செய்வதையே செய்தேன். ஒரு தேசிக்காயை, எலுமிச்சங்காயைத்தான் சொல்கிறேன், வெட்டி இரண்டு கையிலும் நன்றாகத் தேய்த்தேன். மணம் கொஞ்சம் அடங்கியது. ஈரக் கையோடு உச்சி வெயிலில் சந்தி வரை நடந்தேன்.

அடுத்த நாள் கை எரிந்தது. அதற்கடுத்த நாள் கொப்புளம். தேசிக்காய்ச் சாறு வழிந்த வழியெல்லாம் முழங்கை வரை சிவப்புக் கோடுகள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? ஐயாவின் மேசைக்கு முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினேன்.

“உங்கட மருந்து என்ர கையை அவிச்சுப்போட்டுது. இனி நான் சீலை மடிக்கவும் உதவமாட்டன். சந்தோசம்தானே?”

வேறொரு அதிகாரியாக இருந்தால் என்னைத் துரத்தியிருப்பார். அவர் எழுந்து என்னைத் தன் கதிரையில் இருத்திவிட்டு, பக்கத்தில் நின்றபடி கேட்டார்: “நான் கூப்பிட்ட பிறகு வெயிலுக்குப் போனனீரோ? கையை என்னத்தால கழுவினனீர்?”

தேசிக்காய் என்றதும் அவர் முகம் மாறியது. “அதை நான் எல்லோ முதலே கேட்டிருக்கவேணும்,” என்றார். “பிழை என்னில. ஆனா எது சுட்டதெண்டு தெரியாமல் இனி உம்மட கையில ஒண்டும் பூசமாட்டன்.”

மறுநாள் கிணற்றடி வாங்கில் அவர் இருந்தார். சட்டைக் கையை மடித்து, இடது கையில் ஒரு கோட்டுக்கு எண்ணெய், ஒரு கோட்டுக்குத் தேசிக்காய், மற்றதுக்கு இரண்டும். மேலே மிச்சமிருந்த குடைச்சீலையில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொன்றாகத் திறந்து, எது எவ்வளவு வெயிலைத் தாங்கும் என்று பார்த்தார். ஒரு கிழமையில் அவர் கை வரிக்குதிரையாகிவிட்டது. சில கோடுகள் சிவந்து கொப்புளித்தன, சில மண்ணிறமாகக் கறுத்தன.

“பாரும்,” என்று அந்தக் கையைக் கலியாண வீட்டுப் பலகாரத் தட்டைப்போல என் முன்னால் நீட்டினார். “தேசிக்காயும் வெயிலும் சேர்ந்தாலே தோல் அவியுது. உம்மட கையில ரெண்டும் ஏறினது. எண்ணெய் மட்டுமெண்டால், இந்தளவு வெயிலுக்கு ஒண்டும் செய்யேல்லை. இனி பயமில்லை.”

என் மேல் பரிசோதிக்காமல் தன் மேல் பரிசோதித்த மனுசன். அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு வந்த அன்பு இன்றுவரை குறையவில்லை.

என் புண் ஆறியதும் திரும்பத் தொடங்கினோம். சவுக்காரம் மட்டும், தேசிக்காய் கிட்டவும் வரக்கூடாது. ஆவணி அளவில் மணிக்கட்டு வெள்ளைக்குள் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் வந்தன. எள்ளுத் தூவியதுபோல. ஐயா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுக் குழந்தைப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து மணிக்கட்டு மூடியது, புறங்கையும் பாதி மூடியது. சுருங்கிய வெள்ளைக்கு ஓட்டைகள் பெரிதாகிவிட்டதால் அவர் உட்கார்ந்து ஒட்டுத் துண்டுகள் தைத்தார். விரல் நுனிகள் மட்டும் அசையவில்லை.

ஆனால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மருந்தெடுக்க வந்த சனம் ஐயாவின் கையைக் கண்டுவிட்டது. ‘தொத்தாது எண்டவர், இப்ப அவருக்கே தொத்திட்டுது!’ ஆசுபத்திரிக்கு வரும் கூட்டமே குறைந்தது. சந்தி முதலாளியும் ஆள் அனுப்பினார், இனி நான் வரத் தேவையில்லை, பிள்ளைப்பெறுவுக்கு வவுனியாவுக்குக் கொண்டுபோவதாக. கடைசி வீடும் போனது. சீலை மடிக்கிற அறை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒருநாள் காலை முதலாளியின் கூடாரவண்டி ஆசுபத்திரி வாசலில் வந்து நின்றது. வவுனியாவுக்கு வெளிக்கிட்டவர்கள், பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்வதைக் கண்டு திரும்பியிருக்கிறார்கள். வண்டிக்குள் அவர் மனைவி நோவில் முனகுவது கேட்டது. முதலாளி இறங்கி நனைந்துகொண்டு நின்றார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஐயா, நீங்க ஆம்பிளை, உங்களை உள்ள விட ஏலாது,” என்றார். “மருத்துவிச்சியம்மாவின்ர கை... குறை நினைக்காதேங்கோ. உங்களுக்கும் எல்லோ தொத்தியிருக்கு.”

ஐயாவும் மழையில் இறங்கினார். குடைதான் இல்லையே. சட்டைக் கையை மடித்து, எந்தக் கோடு எண்ணெய், எந்தக் கோடு தேசிக்காய் என்று முதலாளிக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். முதலாளி இரண்டு அடி பின்னால் போனார், ஐயா இரண்டு அடி முன்னால் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முனகல் நெருங்கி நெருங்கி வந்தது, அதன் பொருள் எனக்குத் தெரியும்.

வண்டிக்குள்ளிருந்து அவள் கத்தினாள். “கையைப் பாத்தது காணும்! என்ர பிள்ளை வண்டிக்குள்ள பிறக்கப் போகுது! மருத்துவிச்சியம்மா, வந்து என்னை இறக்குங்கோ!”

முதலாளி வழிவிட்டார். அவளைத் தாங்கிப்பிடித்து உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினேன். ஆசுபத்திரியில் ஒரே ஒரு சோடி றப்பர் கையுறை இருந்தது. அந்தக் காலத்தில் பிள்ளைப்பெறுவுக்கு நாங்கள் கையை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் போவோம், கையுறை போடும் வழக்கமில்லை. ஆனாலும் அவள் மனம் சங்கடப்படக்கூடாது என்று கையைக் கழுவி அதை மாட்டினேன். அவள் கண்டுவிட்டாள்.

“என்ன அது?”

“கை தெரியாமல் இருக்கட்டுமெண்டு.”

“கழட்டுங்கோ,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “நீலம் பாரிச்சு வந்த என்ர மூத்ததைத் தட்டி மூச்சு வரப்பண்ணின கை எனக்குத் தெரியாதே? அந்தக் கைதான் வேணும்.”

கழற்றினேன். கண் மறைத்தது, தோளில் துடைத்துக்கொண்டேன். எண்ணெய் மணக்கும் என் கையைத் திரும்பவும் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். கொஞ்ச நேரத்தில் பெண் பிள்ளை. இந்தமுறை கொடி சுற்றவில்லை. வெள்ளை விரல்களுக்கு நடுவில் அந்தக் கறுத்த தலை வழுக்கிக்கொண்டு வந்தது, வந்த உடனேயே ஊரைக் கூட்டியது. வெளியே ஐயாவின் விளக்கம் அப்போதுதான் நின்றது.

பிறகு முதலாளிதான் எனக்குப் பறை அடித்தவர். கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்களிடமெல்லாம், “பிள்ளைக்கு ஒரு சொட்டு வெள்ளை இல்லை, வந்து பாருங்கோ!” என்று சொல்லியிருக்கிறார். சனம் பிள்ளையை வந்து பார்த்தது. பார்த்தவர்கள் என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். தேத்தண்ணி கோப்பையில் வந்தது. அந்தச் சிரட்டை வீட்டுக்காரரும் கூப்பிட்டார்கள். நான் போனேன், ஆனால் தேத்தண்ணி குடிக்கவில்லை. அந்தளவு கோபம் எனக்கு வேண்டும்.

மாரி முடிவதற்கு முன் முதலாளி ஐயாவுக்கு ஒரு புதுக்குடை கொண்டுவந்து கொடுத்தார். ஐயா அதை விரித்து, சீலையை விரலால் தடவி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

“நல்ல தடிச்ச சீலை,” என்றார். “உம்மட விரல் நுனி மட்டும்தான் மிச்சம். வெயில் திரும்ப...”

என் கைகளைப் பார்த்தேன். பத்து நுனியும் வெள்ளையாகத்தான் இருந்தன.

“அது கிடக்கட்டும் ஐயா,” என்றேன். “சனம் கூப்பிடுது. நீங்கள் குடையைப் பிடியுங்கோ, மழை வருது.”