தாடையில்லாத மீனின் செதில்கள்

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டிக் கல்லூரி ஒன்றில் நிலவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். உடன் வேலை பார்த்த இளம் ஆசிரியர் நாகலாபுரத்துக்காரர். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் அவருக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணிட்ட இரு சுண்ணாம்புக்கற்களை அனுப்பியிருந்தார். ஒரே மலைச்சரிவின் மேலடுக்கிலும் கீழடுக்கிலும் எடுத்தவை. எது கீழடுக்கு, அதாவது எது பழையது என்று சரியாகச் சொன்னால் ஆராய்ச்சிக்குத் தம்மிடம் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

விடை கல்லுக்குள் இருந்தது: எப்போதோ அழிந்துபோன, தாடையே இல்லாத மீன்களின் செதில்கள். அவற்றில் ஒவ்வொரு வகையும் கொஞ்சகாலமே வாழ்ந்தது. அதனால் செதிலின் வடிவம் தெரிந்தால் பாறையடுக்கின் வயது தெரியும். கரைத்துச் சலிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். நீர்த்த அமிலத்தில் கல் மெல்லக் கரைந்தது, செதில்கள் கரையவில்லை. குதிரைவாலி அரிசியைவிடச் சிறியவை.

எங்கள் ஊரில் சின்னப் பொருள் எதுவும் தீப்பெட்டிக்குள்தான் போகும். வீட்டுக்கு வீடு பெட்டி ஒட்டினார்கள். நானும் செதில்களை இரண்டு தீப்பெட்டிகளில் போட்டு, உறை மாதிரி இருக்கும் மேல்பெட்டியில் எண் எழுதினேன். செதில் கிடந்த, உள்ளே தள்ளும் அடிப்பெட்டியில் எழுதத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்கு உருப்பெருக்கியில் காட்டினேன்.

“தாடை இல்லாம எப்படித் திங்கும்?” என்றாள்.

“உறிஞ்சித் தின்னிருக்கும்னு சொல்லுதாங்க.”

“உங்க பெரியப்பா மாதிரியா? பல்லுப் போயும் அவிய சீவலை விடலையே.”

சிரித்துக்கொண்டே இரண்டு அடிப்பெட்டிகளையும் உள்ளே தள்ளினேன். தள்ளிய பிறகுதான், எது எதனுடையது என்று பார்க்காமல் மூடியது உறைத்தது.

மறுநாளே அந்த இளம் ஆசிரியரிடம் சொல்லியிருக்கலாம். மிச்சக் கல் இருந்தது, மறுபடி கரைத்திருக்கலாம். மூத்த ஆசிரியன் தீப்பெட்டியை மாற்றி மூடினான் என்று சிரிப்பார்களே என்று கூசினேன். சரியாகத்தான் மூடியிருப்பேன் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் வாரக்கணக்கில் நுண்ணோக்கியில் குனிந்திருந்துவிட்டு, இரண்டாம் கல்தான் பழையது என்று எழுதி அனுப்பினார். தவறு என்று பதில் வந்தது.

“என் கண்ணு இதுக்கு லாயக்கில்ல அண்ணாச்சி,” என்றார். அந்த வருடமே வேலையை விட்டு, ஊரில் நிலத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

பிறகு மிச்சக் கல்லைக் கரைத்துப் பார்த்தேன். பெட்டிகள் மாறித்தான் இருந்தன. அவர் எந்தச் செதிலையும் தவறாகப் பார்க்கவில்லை. இதைச் சொல்ல நாகலாபுரத்துக்குப் பேருந்து ஏற எனக்குப் பல வருடங்கள் ஆயின.

களத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப நான் பாத்தது சரிதானா?”

“சரிதான்.”

“ஓரம் வரிவரியா இருந்துச்சே, அதான கீழடுக்கு?”

“அதுதான்.”

அப்படியே உட்கார்ந்து ஒவ்வொரு செதிலாக விசாரித்தார். மன்னிப்புக் கேட்கப் போன நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“இப்ப எழுதிப் போட்டா அவிய சேத்துக்கிடுவாவளா?” என்று கடைசியில் கேட்டார்.

அந்தப் பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.