கைக்குப் போடும் செருப்பு

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு ஜெர்மன் சொல்லைப் பற்றி எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லை வைத்து ஒருவருக்கு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் கடைசி. மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஞ்சு பேல்களை, அதாவது இறுக்கிக் கட்டிய பொதிகளை, பிரிக்கும் இடத்தில் வேலை. பேலைச் சுற்றி இறுக்கியிருக்கும் இரும்புப் பட்டையை வெட்டுவது செட்டியார்பட்டி அண்ணாச்சி ஒருவர். அவர் உள்ளங்கையில் கீறல் இல்லாத நாளே கிடையாது.

புது மிஷின் மாட்ட ஜெர்மனியிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்திருந்தார். அண்ணாச்சியின் கையைப் பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த தோல் கையுறையில் ஒரு ஜோடியைக் கொடுத்தார். "ஹாண்ட்ஷூ" என்றார்.

எங்கள் சூப்பர்வைசர் விளக்கினார். "ஹாண்ட்னா கை, ஷூன்னா ஷூவேதான். ரெண்டையும் ஒட்டி ஒரே வார்த்தையாக்கிட்டாங்க. அவிய ஊர்ல கையுறைக்கு அதான் பேரு."

ஒரு வாரம் அண்ணாச்சி அதைப் போட்டுக்கொண்டே வேலை பார்த்தார். "ஏலே, இப்பல்லாம் ரசஞ்சோறு பிசைஞ்சா கை எரியல" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

நான் கூட்டத்தில் வாய் திறக்காதவன். மற்றவர்கள் பேசிச் சிரிப்பதை ஓரமாக நின்று கேட்பேன். அந்த வாரக் கடைசியில் ஒருநாள் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது என்ன வந்ததோ தெரியவில்லை. பஞ்சு லட்சுமி என்பதால் அந்த அறைக்குள் யாரும் செருப்போடு போக மாட்டோம், வாசலிலேயே கழற்றிவிடுவோம். கையுறையோடு உள்ளே நுழைந்த அண்ணாச்சியிடம், "அண்ணாச்சி, கைச்செருப்ப வாசல்ல கழட்டிட்டு வாங்க" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஊமையன் பேசிட்டாம்லே!" என்று ஒருவன் என் முதுகில் தட்டினான்.

"ஒரு வாரமா லச்சுமிய செருப்பால தொட்டிருக்கீரே வே" என்றான் இன்னொருவன்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது எழுதவும் கூசுகிறது.

அண்ணாச்சியும் சிரிக்கப் பார்த்தார். "அந்தப் பாவம் நமக்கெதுக்குப்பா" என்று கையுறையைக் கழற்றி, செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். சும்மா சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரிப்பு நின்றுவிடுமே என்று சொல்லவில்லை.

அந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள், காலைக் காப்பதுபோல் கையையும் காக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். எனக்குச் செருப்பின் அழுக்கு மட்டும்தான் தோன்றியது.

மறுநாள் காலை ஷிப்டில், வெட்டிய பட்டை தெறித்து, கையுறை போடாத அண்ணாச்சியின் வலது உள்ளங்கையைக் கிழித்தது. ஏழு தையல் போட்டார்கள்.