சபீனா ராத்தாவுக்கு வந்த செய்தி

மகள் வீட்டிலிருந்தே கம்பியூட்டர் வேலை செய்கிறாள். அன்று பின்னேர அஸர் தொழுகைக்கு முன் கொடுக்க வேண்டிய புரோகிராம் அசையாமல் நின்றுவிட்டது. போனில் யாரிடமோ கத்தினாள்: "புள்ள முடிஞ்சிட்டு! லைப்ரரி இடையில பூந்து செய்திய எடுத்துட்டு!"

நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். "ஆர்ர புள்ள, மகள்?"

"அல்லாஹ்வே, மனிசப் புள்ள இல்ல உம்மா! பெரிய புரோகிராம் ஒரு வேலைக்குச் சின்னதொண்ட அனுப்பும். அதுதான் புள்ள. அது முடிஞ்சா தாய்க்குத்தான் சொல்லணும். லைப்ரரியெண்டா வேற ஆக்கள் எழுதினத நாங்க எடுத்துப் போட்ட புரோகிராம். அது எல்லாப் புள்ளைர செய்தியையும் தானே வாங்கிட்டு. எப்படி முடிஞ்சதெண்டு தாய்க்கு இனித் தெரியாது."

'தாய்க்குத் தெரியாது' என்ற சொல் எனக்குள் பழையதொன்றைக் கிளப்பியது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்த வாரம், கல்முனையில் நாங்கள் தங்கியிருந்த அகதி முகாமுக்கு ஒருவர், நான் அக்காவாக நினைக்கும் பக்கத்து வீட்டுச் சபீனா ராத்தாவைத் தேடி வந்தார். ராத்தாவின் மகனுக்கு இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை தொழுது அடக்கிவிட்டதாக வாசலில் நின்ற என்னிடம் சொல்லிப் போனார். கூச்சத்திலும் பயத்திலும் அதை நான் ராத்தாவிடம் சொல்லவேயில்லை. மகன் மௌத்தானதை ராத்தா பிறகு இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலில்தான் அறிந்தார்; தொழுது அடக்கினார்களா என்பது அதில் இல்லை.

லைப்ரரி தன் பிள்ளைகளை மட்டும் பார்க்கும்படி மகள் திருத்திக்கொண்டிருக்கும்போதே, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ராத்தா வீட்டுக்கு இறங்கினேன்.

ராத்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நின்றேன்.

"தொழுதா அடக்கின?"

"ஓம் ராத்தா. தொழுதுதான்."

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

கூச்சம் என்னுடையது. இத்தனை வருடம் அதற்குள் நான் ஒளித்து வைத்திருந்த செய்தி அவருடையது.