ஒன்பது புள்ளிச் சீட்டு

செல்போன் ரிப்பேர் கடையில் ஸ்க்ரூடிரைவரைவிட அதிகம் புழங்குவது ஒன்பது புள்ளி அச்சடித்த சீட்டு. போனைக் கொடுப்பவர் தன் லாக் பேட்டர்னை அதில் வரைந்துவிட்டுப் போவார். வேலை முடிந்ததும் நாங்கள் திறந்து சோதிப்போம். இன்டரை, அதாவது ப்ளஸ் டூவை, பாதியில் விட்டுவிட்டு, தெலுங்கு பேசும் ஐ.டி. ஏரியாவான கொண்டாப்பூரில் இந்த வேலை பார்க்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

படிக்காத படிவம்

தகவல் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் என்றதும் முதலாளி ரஹீம் பாய் சம்மதப் படிவம் அச்சடித்தார். ஒரு அக்கா அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு, பேட்டர்னையும் பெரிதாக வரைந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் தருகிறீர்கள் என்றேன். சிரித்தார். "என் மெசேஜெல்லாம் என்கிரிப்ட் ஆயிருக்கு பாப்பா, உனக்கு என்ன தெரியப்போகுது?"

முகத்தைத் திருப்பினேன்

முருகன் சார் மட்டும் வரைய மறுத்தார். மதுரைக்காரர், சாஃப்ட்வேர் வேலை. டிஸ்ப்ளே மாற்றும்வரை ஸ்டூலைவிட்டு நகரவில்லை. "எல்லாரும் சட்டத்துக்குக் கட்டுப்படணுமாம், கவர்மென்ட்டுக்கு மட்டும் விலக்காம்!" என்று பொருமிக்கொண்டே இருந்தார். என்னையும் திருடி மாதிரி பார்த்தார்.

கடைசியில் அவரே திறந்து சோதித்தார். விரல் என் மூக்குக்கு நேரே. எனக்கும் ரோஷம் உண்டு. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதல்முறையாகச் சிரித்தார். "வெரி குட்மா, இந்த ஊர்லயே நீ ஒருத்திதான் ஒழுங்கு."

அதே போன்

நாலு மாதம் கழித்து அதே போனோடு அவர் மனைவி வந்தார். சார் மாரடைப்பில் போய்விட்டாராம். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோ எல்லாம் இதற்குள்தான். இன்டர்நெட்டில் ஏற்றி வைக்க அவர் விட்டதே இல்லை. பேட்டர்ன் யாருக்கும் தெரியாது.

பழைய சீட்டைத் தேடி எடுத்தேன். ஒன்பது புள்ளி, ஒரு கோடுகூட இல்லை.

"பொண்டாட்டிக்கு உரிமை உண்டுன்னு வக்கீல் சொன்னாரே" என்றார். ஆம்பூரை விட்டு வந்து முப்பது வருஷமான ரஹீம் பாய் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நக்கோமா. பேட்டர்ன் இல்லாம திறந்தா எல்லாம் அழிஞ்சுடும். போனுக்குச் சட்டம் தெரியாது."

சாரின் மனைவி என் பக்கம் திரும்பினார். "உன்னைப் பத்தி வீட்ல வந்து பெருமையாச் சொன்னாரும்மா. பக்கத்துலதானே நின்னே, ஒரு தடவைகூடப் பாக்கலையா?"

கொண்டாப்பூரில் பாதிப் பேருடைய பேட்டர்ன் என் டிராயரில் கிடக்கிறது, பார்த்திருக்க வேண்டிய ஒன்றை மட்டும் ஒழுங்காக இருந்து தொலைத்துவிட்டேன்.