இரைச்சல் இல்லாத எமலோகம்

வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவுக்கு வர்றவுகள்ல பாதிப் பேரு ஆத்தாளக் கும்பிட வருவாக, மீதிப் பேரு ராட்டினம் ஏற வருவாக. எங்க வீட்டுல கும்பிட்டு முடிச்ச கையோட நேரா எமலோகத்துக்குப் போவோம். இதைச் சொன்னா கம்பத்துல எங்க மாமியா வீட்டுல இன்னைக்கும் சிரிக்கிறாக. சிரிச்சுட்டுப் போகட்டும், எனக்கென்ன.

எமலோகம்னா ஒரு தகரக் கொட்டகை. முகப்புல பெரிய எருமைத் தல, கண்ணுல செவப்பு பல்பு. டிக்கெட் வாங்கி உள்ள போனா ஒரே இருட்டு, கூட்டத்தோட கூட்டமா நின்னுதான் பாக்கணும். திரை விலகுனா ஆள் உசரத்துக்கு எமன், பக்கத்துல சித்திரகுப்தன், எதுக்க வரிசையாப் பாவிக. எல்லாம் காகிதக்கூழ்ல செஞ்ச பொம்மைக. அடியில மோட்டாரும் பெல்ட்டும் ஓடும். எமன் கைய ஓங்குவாரு, சித்திரகுப்தன் தலைய ஆட்டுவாரு, பாவி ஒவ்வொருத்தனா எண்ணெய்ச் சட்டிக்குள்ள இறங்குவான். எமனுக்கு மீச ரெண்டு பக்கமும் துடிக்கணும். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து வலதுதான் துடிக்கும், இடது சும்மா தொங்கும். வசனமெல்லாம் கேசட்டுல வரும்.

அந்தக் கேசட்டுலதான் எங்கம்மா இருந்தா.

தொண்ணூத்தாறுல நான் பத்தாங்கிளாஸ் பரிச்ச எழுதி முடிச்சிருந்தேன். அம்மா, அப்பா, நான் மூணு பேரும் போயிருந்தோம். நாங்க உள்ள போன நேரம் பாத்து பழைய கேசட்ட டேப்பு தின்னுருச்சு. முதலாளி திண்டுக்கல் பக்கத்துக்காரரு. கூட்டத்தத் திருப்பி அனுப்ப மனசில்லாம, சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டுத் திரைக்குப் பின்னால நின்னு அம்புட்டு வசனத்தையும் வாயாலயே பேசுனாரு. ஒவ்வொரு காட்சிக்கும் இப்பிடிக் கத்துனா தொண்ட என்னத்துக்கு ஆகும்னு, பேசும்போதே வேற கேசட்டப் போட்டுப் பதிஞ்சும் வச்சுக்கிட்டாரு. அதுல அவரு வசனத்தோட சேந்து கொட்டகையில நின்ன எங்க சத்தமும் விழுந்துருச்சு.

பாவிகள்லயே பேர்போனவன் தண்ணிக் கள்ளன். வாய்க்கால் தண்ணி மொற வச்சு விடுற ஊர்ல, அடுத்தவன் மொறையில மடைய மாத்தித் தன் வயலுக்குப் பாச்சுனவன்.

"ஏன்டா அடுத்தவன் தண்ணியத் திருப்புன?"ன்னு எமன் கேப்பாரு.

"நான் திருப்பலைங்க எசமான். தண்ணி என் வயலப் பாத்து ஆசப்பட்டுத் தானா வந்துச்சு."

"அப்பிடியா? இந்த எண்ணெய்ச் சட்டியும் உன்னப் பாத்து ஆசப்படுது. போய் எறங்கு."

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. சிரிச்சு அடங்குச்சு. அடுத்த வசனத்துக்கு முதலாளி மூச்சு வாங்குறப்ப எங்கம்மா ஒருத்தி மட்டும் ஆரம்பிச்சா. ஏன்னா அப்பத்தான் அவ திரும்பி எங்கப்பா மூஞ்சியப் பாத்தா.

விஷயம் என்னன்னா, அந்த வருஷம் மாசியிலதான் அனுமந்தன்பட்டியில எங்கப்பாவ ஊர்க் கூட்டத்துல நிப்பாட்டியிருந்தாக. பக்கத்து வயக்காரரு மொறையில தண்ணி எங்க வயல்ல பாஞ்சிருச்சு. அப்பா துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, "நான் மடையத் தொடல. தண்ணி தானாத்தான் வந்துச்சு"ன்னு கடைசி வரைக்கும் சாதிச்சாக. ஊரு நம்புச்சோ இல்லையோ, அம்மா நம்பல.

அம்மா சிரிப்புக்கு அடக்கமெல்லாம் கெடையாது. கெணத்து உருளையில கயிறு ஓடுற மாதிரி கிறீச்சுன்னு ஆரம்பிச்சு, மேல மேல ஏறி, மூச்சு முட்டி, கடைசியில ஒரு சின்ன இருமல்ல வந்து நிக்கும். அன்னைக்கு அம்புட்டுப் பேருக்கு நடுவுல அப்பிடிச் சிரிச்சா. அப்பாவுக்குக் கோவம் வந்து விறுவிறுன்னு வெளிய நடந்துட்டாக. வீடு வார வரைக்கும் பஸ்ஸுல சன்னலப் பாத்துக்கிட்டே வந்தாக.

அடுத்த வருஷம் போனா அந்தச் சிரிப்பு ஸ்பீக்கர்ல வருது. "யாத்தே, எவளோ பேய் மாதிரி சிரிக்கிறா பாரு"ன்னு முன்னால நின்ன ஆளு சொன்னான். அம்மா முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டு, சொல்லிராதன்னு என் கையக் கிள்ளுனா. அப்பா கூட அன்னைக்கு லேசாச் சிரிச்சாக.

அதுக்கு அடுத்த சித்திர வாரதுக்குள்ள மஞ்சக்காமால வந்து அம்மா போய்ச் சேந்துட்டா. வீட்டுல அவ போட்டோ ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் கேமராக்காரன் அடிக்கப் போற மாதிரி வெறச்சுப் போயி நிக்கிறா. அது எங்கம்மாவே இல்ல. குரல்னு எங்ககிட்ட ஒண்ணுமே கெடையாது.

கேதம் நடந்த வீடு, அந்த வருஷம் திருவிழாவுக்குப் போகல. மறு வருஷம் அப்பாவேதான், "கெளம்பு ஆத்தா, போயிட்டு வந்துருவோம்"னாக. கொட்டகைக்குள்ள ஸ்பீக்கர் இருக்குற மூலையாப் பாத்துப் போயி நின்னாக. தண்ணிக் கள்ளன் வந்தான், பதில் சொன்னான், சட்டியில எறங்குனான். கூட்டம் சிரிச்சு ஓஞ்சுச்சு. பெறகு அம்மா சிரிச்சா. அப்பா தலையக் குனிஞ்சு, ஊர்க் கூட்டத்துல நின்ன மாதிரியே நின்னாக. நான் தேம்பித் தேம்பி அழுதேன். இருட்டு இருந்தது நல்லதாப் போச்சு.

அதுல இருந்து ஒரு வருஷம் தப்புனதில்ல. எனக்குக் கல்யாணமாகிக் கம்பத்துக்குப் போன பெறகும் சித்திரைக்கு வந்துருவேன். மத்த மாசமெல்லாம் எமலோகம் ஊர் ஊராச் சுத்தும். "தைப்பூசமில்ல, இந்நேரம் பழனியில இருப்பா"ன்னு அப்பா வெத்தலையப் போட்டுக்கிட்டே சொல்லுவாக. ஆடியில கேட்டா வேற ஊரு சொல்லுவாக. உசுரோட இருந்த வரைக்கும் தேனியத் தாண்டாத பொம்பள அவ.

ஒருதரம் நான் சொன்னேன், "அந்தக் கேசட்ட வாங்கி ஒரு காப்பி எடுத்துருவோமாப்பா?"

"வேணாம். வீட்டுல வச்சு நெனச்சப்பல்லாம் போட்டுக் கேட்டா, நெனச்சப்பல்லாம் செத்தவளா இருப்பா. வருஷத்துக்கு ஒருக்க வந்தா விருந்தாளி மாதிரி இருக்கும்."

அவுக சொன்னாகன்னு நானும் விட்டேன் பாருங்க. அந்த ஆத்தாமை இன்னும் எனக்கு அடங்கல.

எங்களுக்குத்தான் அது அம்மா. மத்தவுகளுக்கு அது எமலோகத்துல ஒரு பாகம். வருஷா வருஷம் வர்ற கூட்டம் முதல்ல தன் பங்குக்குச் சிரிக்கும், அப்பறம் அந்தத் தனிச் சிரிப்புக்குன்னு காத்துக் கெடக்கும், அது வந்ததும் கூடவே சேந்து சிரிக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அதே மாதிரி சிரிக்கப் பழகிக்கிட்டுத் திரியுங்க. குமுளி வண்டியில ஒரு கண்டக்டரு இருந்தாரு, ஸ்டாப் வந்தா எமன் குரல்லதான் "போய் எறங்கு"ம்பாரு. ஒருத்தரும் கோவிச்சதில்ல.

இப்பிடிப் போய்க்கிட்டு இருக்கையில ஒரு வருஷம் முதலாளி மகன் காட்சி முடிவுல மைக்கப் பிடிச்சாரு. முதலாளிக்கு முடியாமப் போயி, மகன் எடுத்து நடத்த ஆரம்பிச்சிருந்த நேரம். "அடுத்த வருஷம் இதே இடத்துல நவீன எமலோகம். லேசர் லைட்டு, புகை, புதுப் பாவிகள், கம்ப்யூட்டர் சவுண்டு"ன்னு அறிவிச்சாரு. கைதட்டுவாகன்னு எதிர்பாத்திருப்பாரு போல. ஒரு கை தட்டல.

அந்த வருஷம் பூராவும் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில இதே பேச்சு. "மீச ரெண்டு பக்கமும் துடிச்சா அவன் எமனா, இல்ல புதுசா வந்த இன்ஸ்பெக்டரா?"ன்னு கண்டக்டரு கேட்டாரு. கோம்பையில இருந்து வார வாழக்கா யாவாரி ஒருத்தரு, "செல்போன்ல பொய் சொல்றவனச் சட்டியில எறக்கட்டும், நான் வேணாங்கல. ஆனா தண்ணிக் கள்ளன் மேல கைய வச்சா நான் டிக்கெட் எடுக்க மாட்டேன், என் ஆளுகளையும் எடுக்க விடமாட்டேன்"னாரு. மாமியா வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்ன நானும் இடையில பூந்து, "இருக்குறத ஒழுங்காப் போடத் துப்பில்ல, இதுல நவீனமாம்"னேன். எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாக. அவுக கவலையெல்லாம் காட்சி கெட்டுப் போகுமேன்னு. என் கவலைய நான் யாருகிட்டச் சொல்ல?

அப்பாகிட்டத்தான் சொன்னேன். "முதலாளி மகன்கிட்டப் போயி விஷயத்தச் சொல்லிருவோம்பா. இது எங்கம்மா, எடுத்துராதீகன்னு."

"சொன்னா எடுக்க மாட்டாரு"ன்னாக அப்பா. "ஆனா செத்தவ சிரிப்ப எமலோகத்துல போட்டு ஓட்டுறோம்னு தெரிஞ்ச பெறகு, எந்த மனுசன் அந்தக் கேசட்ட மறுபடி போடுவான்? தொழில் பண்றவுக பயப்படுவாகள்ல."

அந்தத் தையில அப்பா பழனின்னு வாயே தொறக்கல.

திருவிழாவுக்கு முன்னாடி கொட்டகை போடும்போதே கண்டக்டரும் யாவாரியும் நானும் போயி முதலாளி மகனப் பிடிச்சுக்கிட்டோம். பாவம், எதுக்கு இவுக சண்டைக்கு வந்திருக்காகன்னு அவருக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் சிரிச்சுட்டாரு. "போன வருஷம் ஒரு கை தட்டலையேங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மீசையத் தொடல. தண்ணிக் கள்ளன் இருக்கான். அப்பா பேசுன வசனத்துல ஒரு எழுத்து மாத்தல. கேசட்டுதான் பூசணம் பூத்துக் கெடந்துச்சு. மதுரையில குடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்திச் சுத்தம் பண்ணியாச்சு. இரைச்சல், ஆளுக சத்தம் எல்லாத்தையும் எடுத்தாச்சு. கேட்டுப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்."

கண்டக்டரு அவரு கையப் பிடிச்சுக் குலுக்குனாரு. யாவாரிக்கு வாயெல்லாம் பல்லு. எல்லாரும் கேட்டது கெடச்சிருச்சு.

"அந்தப் பழைய கேசட்டு எங்க?"ன்னு நான் கேட்டேன்.

"அது எதுக்குங்க இனிமே? அங்கனயே குப்பையில போட்டுட்டு வந்துட்டேன்."

அவரு மேல தப்புச் சொல்லி என்ன? கெடுக்காதன்னு கேட்டோம், கெடுக்காம நல்லாத்தான் பண்ணியிருந்தாரு.

அப்பாகிட்ட இதச் சொல்லாமலே கூட்டிக்கிட்டுக் கெளம்புனேன். அவுக சலவச் சட்ட போட்டு, தலைய வழிச்சுச் சீவிக்கிட்டு வந்து நின்னாக. சாயங்காலக் காட்சிக்கு உள்ள போயி அதே மூலையில நின்னோம். புது ஸ்பீக்கரு. எமன் பேசுனா நெஞ்சுல அதிருது. வலது மீச துடிச்சதும் கூட்டம் விசிலடிச்சுச்சு. தண்ணிக் கள்ளன் பதில் சொன்னான். "போய் எறங்கு"ன்னு எமனோட சேந்து கொட்டகையே கத்துச்சு. சிரிச்சுச்சு. பெறகு எப்பவும் போல அடங்கிக் காத்திருந்துச்சு.

ஒரு சத்தமும் வரல. மோட்டார் ஓடுறது மட்டும் கேட்டுச்சு.

அப்பா ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டு நின்னாக. அவுக கைய நான் பிடிச்சேன். அப்பத்தான் முன் வரிசையில இருந்து கண்டக்டரு கிறீச்சுன்னு ஆரம்பிச்சாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது, அந்த எடத்துல அது வரணும், வரல, அம்புட்டுத்தான். அவரப் பாத்துப் பிள்ளைக சேந்துச்சுக, பெறகு பொம்பளைக, பெறகு மொத்தக் கொட்டகையும். ஆளாளுக்கு எங்கம்மா மாதிரி சிரிக்கிறாக. அவ யாருன்னே தெரியாத சனம். எனக்குச் சந்தோசமா, துக்கமான்னு சொல்லத் தெரியல. அவ சிரிப்ப இனி நான் கேக்கவே போறதில்லன்னு அந்தச் சத்தத்துக்கு நடுவுலதான் எனக்கு ஒறச்சுச்சு.

வெளிய வந்து கரும்புச்சாறு வாங்கிக் குடுத்தேன். அப்பா குடிச்சு முடிச்சு டம்ளரக் கீழ வச்சாக.

"நல்லாத்தான் சிரிச்சாக. கடைசியில இருமல விட்டுட்டாக"ன்னாக.

பஸ்ஸுல ரெண்டு பேருக்கும் எடம் கெடச்சுச்சு. சின்னமனூர் தாண்டி, ரெண்டு பக்கமும் வயல். வாய்க்கால்ல தண்ணி போய்க்கிட்டு இருந்துச்சு. அப்பா அதையே பாத்துக்கிட்டு வந்தவுக, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ற மாதிரி சொன்னாக:

"அன்னைக்கு நெசமாவே தண்ணி தானாத்தான் வந்துச்சு."

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு. நான் சிரிக்கணும்னு நெனைக்கவே இல்ல. முன்சீட்டு ஆளுக திரும்பிப் பாக்குற அளவுக்கு, கிறீச்சுன்னு, மேல மேல ஏறி, மூச்சு முட்டி, கடைசியில தன்னால ஒரு இருமல் வந்து நின்னுச்சு.

அப்பா என் பக்கம் திரும்பல. சன்னல் கம்பிய இறுக்கிப் பிடிச்சிருந்தாக. கொஞ்ச தூரம் போனதும், "தானாத்தான் வந்துச்சு"ன்னு இன்னொரு தரம் சொல்லிட்டு, காதக் குடுத்துக் காத்திருந்தாக.

சிரிச்சுப் பாத்தேன். எனக்கு வரல.